வண்டி நிற்கிறது, மீட்டர் முள் ஓடுகிறது

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், ரெட்டிச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் கார் ஒருநாள் நின்றுவிட்டது. இன்ஜின் நிற்கவில்லை, வண்டிதான் நின்றது. முன்னால் போன பஸ் ஆள் ஏற்ற நின்றது, நானும் நின்றேன். பஸ் கிளம்பியதும் முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன். முன்பக்கம் இடதுபுறம் எங்கோ 'டடக்' என்றது. அப்புறம் இரும்பை இரும்பில் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு கறகறப்பு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடியது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

டீக்கடையில் நின்றவர் "கியர் பாக்ஸ் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் "கிளட்ச் பிளேட்டு சார்" என்றார். இரண்டுமே செலவு வைக்கிற தீர்ப்பு. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கேட்கட்டும் என்று போனை பானட் பக்கம் நீட்டினேன்.

"சத்தம் இருக்கட்டும் தம்பி. கியர் போட்டு ஆக்சிலேட்டர் குடுத்தா மீட்டர் முள்ளு ஏறுதா?"

பார்த்தேன். அசையாமல் நிற்கிற வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பதாக முள் சொன்னது.

"அப்ப கிளட்சும் கியரும் நல்லாத்தான் இருக்கு. ஆக்சில்ல ஒரு பக்கம் வுட்டுப்போயிருக்கு. கயிறு கட்டி இழுக்காதீங்க, வண்டி அனுப்புறேன்."

ஒரு முள்ளை வைத்து எப்படிச் சொன்னார்?

கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருப்பவர் தூக்கிக் கொடுப்பார், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய் மேலே கொத்தனாரிடம் சேரும். நடுவில் ஒருவர் தவறவிட்டால் அவருக்குக் கீழே இருப்பவர்களின் கை ஓடிக்கொண்டிருக்கும், மேலே இருப்பவர்கள் சும்மா நிற்பார்கள். காரிலும் சுழற்சி இப்படித்தான் கைமாறுகிறது. இன்ஜினிடமிருந்து கிளட்ச் பிளேட் வாங்கும். பிளேட்டிடமிருந்து கியர்கள், கியர்களிடமிருந்து சுழற்சியை இடம் வலமாகப் பிரிக்கும் டிஃபரன்ஷியல், அங்கிருந்து இரண்டு ஆக்சில் தண்டுகள், கடைசியில் சக்கரங்கள். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். அவற்றில் கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

ஆக, நகராத வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சுழற்சி எதுவரை வருகிறது? சத்தமும் அங்கேதான் பிறக்கிறது. ஒன்றாகச் சுழல வேண்டிய இரண்டு பாகங்களில் ஒன்று சுழல, மற்றது நிற்க, இரண்டும் உரசுவதுதான் அந்தக் கறகறப்பு. ஓடும் வண்டியில் சத்தத்தைத் தேடுவதைவிட இது எத்தனையோ மேல். காற்று இரைச்சல் கிடையாது, டயர் இரைச்சல் கிடையாது, சக்கரம் சுற்றாததால் வீல் பேரிங் மேல் சந்தேகப்படவும் வேண்டாம்.

வேகமானிக்குச் செய்தி போகும் இடம் பழைய கார்கள் பலவற்றில் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம். அது சுற்றினால் முள் ஏறும், வண்டி ஓடுகிறதா என்பது முள்ளுக்குத் தெரியாது. முள் ஏறுகிறது என்றால் செங்கல் அதுவரை வந்துவிட்டது. முள் செத்துக் கிடந்தால் அதற்கு முன்னாலேயே கை நழுவியிருக்கிறது: கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்கலாம், கருகிய நாற்றம் வரும். பிளேட்டின் நடுப்பாகம் பிய்ந்து தனியே கடகடக்கலாம், அல்லது கியர் லிவரின் கேபிள் கழன்று கியரே விழாமல் இருக்கலாம். புதிய கார்களில் பலவும் சக்கரத்தருகே இருக்கும் ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாரிலிருந்து வேகத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றில் இந்த வித்தை பலிக்காது.

முள் 20 காட்டியதும் கணக்குக்குச் சரியாக வருகிறது. சின்னக் காரின் முதல் கியரில் இன்ஜின் ஏறத்தாழ 14 சுற்றுச் சுற்றினால் டிஃபரன்ஷியல் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 3000 சுற்றில் இன்ஜின் அலறும்போது டிஃபரன்ஷியல் 210 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போகும். டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று வைத்தால் மணிக்கு 23 கிலோமீட்டர்.

சரி, ஒரு பக்க ஆக்சில்தானே போனது, இன்னொரு பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது, அது இழுத்திருக்கலாமே? எனக்கும் வெகுநாளாக இருந்த சந்தேகம். பதில் டிஃபரன்ஷியலின் குணத்தில் இருக்கிறது.

புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முனையிலும் 90 டிகிரி திருப்பம். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் இடைவெளி உள்ள கார் அப்படி ஒரு முனையில் திரும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட 2.2 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் பூட்டினால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டே வரும். இதற்கான பல்சக்கர அமைப்புக்கு 1820-களின் கடைசியில் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் ஒனேசிஃபோர் பெக்கூர். கடிகாரத் தொழில் தெரிந்த அவர் அதைச் செய்தது நீராவி வண்டிக்காக. பெட்ரோல் கார் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தைய கதை.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளக் காவடித் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டின் இரு முனையிலும் இரண்டு தண்ணீர்க் குடம், நடுவில் தோள். டிஃபரன்ஷியலில் தோள் இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதன் இருபுறமும் ஒவ்வொரு ஆக்சிலின் பல்சக்கரமும் கோத்திருக்கும். பெரிய பல்சக்கரம் அந்தச் சின்னச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றும், அது இரு பக்கத்தையும் சமமாகத் தள்ளும். இந்தச் சமம்தான் வில்லங்கம். காவடியில் ஒரு பக்கக் கயிறு அறுந்தால் என்ன ஆகும்? அறுந்த முனை மேலே எகிறும், நல்ல கயிற்றில் தொங்கும் குடம் தரையில் உட்கார்ந்துவிடும். நடுவில் நீங்கள் என்னதான் தூக்கினாலும் அந்தக் குடம் எழும்பாது, ஏனென்றால் மறுமுனையில் எதிர்ப்பே இல்லை. ஒரு பக்க ஆக்சில் அறுந்தால் மறுபக்கச் சக்கரத்துக்கும் விசை போகாமல் நின்றுவிடுவது இதனால்தான். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் காரை இறக்கியவர்கள் பார்த்திருப்பார்கள், ஒரு சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டே சுற்றும், கெட்டித் தரையில் இருக்கும் மற்றது வேடிக்கை பார்க்கும். கணக்கு அதேதான்.

இன்னொன்று. ஒரு பக்கம் நின்றுவிட்டால், அறுந்த பக்கத்து ஆக்சில் துண்டு டிஃபரன்ஷியலைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். இரு பக்க வேகங்களின் சராசரிதான் டிஃபரன்ஷியலின் வேகம், ஒன்று பூஜ்யமானால் மற்றது இரட்டிப்பாகியே தீரும். ஐடிலில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 850 சுற்றில் இருக்கும்போது, டிஃபரன்ஷியல் விநாடிக்கு ஒரு சுற்று, அறுந்த துண்டு விநாடிக்கு இரண்டு சுற்று.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டினால் எந்த இடம் போயிருக்கிறது என்றுகூட ஓரளவு சொல்லலாம். ஆக்சிலின் உள்முனையில் மூன்று உருளைகள் உள்ள இணைப்பு இருக்கும். அது நழுவி விளிம்பில் தட்டினால் சுற்றுக்கு மூன்று தட்டு, விநாடிக்கு ஆறு. வெளிமுனையில், சக்கரத்தருகே, ஆறு குண்டுகள் உள்ள சிவி ஜாயின்ட், அதாவது சாய்ந்தாலும் வேகம் மாறாமல் சுழலும் இணைப்பு. அங்கே என்றால் விநாடிக்குப் பன்னிரண்டு வரை. தட்டுகளை எண்ண முடியாது, ஆனால் தனித்தனியாக விழுவது தெரியும். ஆக்சில் நுனியில் வெட்டியிருக்கும் வரிப்பற்கள் மழுங்கி வழுக்கினால் சங்கதி வேறு. இருபதுக்கு மேற்பட்ட பற்கள், விநாடிக்கு நாற்பதுக்கு மேல் தட்டு. விநாடிக்கு இருபதைத் தாண்டினாலே காது தனித்தனித் தட்டாகக் கேட்பதை விட்டுவிட்டு ஒரே சுருதியாகக் கேட்கத் தொடங்கும். அதனால் அது 'கர்ர்ர்' என்று வரும். இது ஐடிலில் மட்டுமே செல்லும் சோதனை. நான் செய்த மாதிரி ஆக்சிலேட்டரை மிதித்தால் எல்லாமே கறகறப்புதான்.

எந்தப் பக்கம் என்பதைக் காதை நம்பிச் சொல்லக்கூடாது. எஃகுக்குள் ஒலி விநாடிக்கு 5000 மீட்டருக்கு மேல் ஓடும், காற்றில் 340தான். கியர் பெட்டி, இன்ஜின் தாங்கி, தரைத் தகடு என்று எல்லா இரும்பும் சேர்ந்து அதிர்வதால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் எங்கிருந்தும் வருகிற மாதிரி இருக்கும். எனக்கு இடதுபுறம் என்று பட்டது வெறும் அதிர்ஷ்டம். கண்ணால் பார்ப்பதுதான் வழி. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட வேண்டும். இன்னொருவர் வண்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று, செல்போன் டார்ச் அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் ஆக்சில் சுற்றுகிறதா என்று பார்க்கலாம். ஆக்சில் சுற்றிச் சக்கரம் நின்றால் வெளிமுனை போயிருக்கிறது. இரண்டு ஆக்சிலுமே நின்று உள்ளே மட்டும் அரைத்தால் ஏதோ ஒரு பக்கத்து உள்முனை, அல்லது டிஃபரன்ஷியலே. இன்ஜின் ஓடும்போது வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், முன்னாலும் நிற்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பு நியூட்ரலில் போட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட வேண்டும். தள்ளவே முடியவில்லை என்றால் சிக்கல் இழுப்பதில் இல்லை, பிடிப்பதில். ஐப்பசி கார்த்திகை மழையில் பத்து நாள் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில், கடற்கரை உப்புக்காற்றும் சேர்ந்தால், பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்வது இங்கே சாதாரணம்.

என் வண்டியில் போனது இடது வெளிமுனை. அந்த சிவி ஜாயின்ட் ஓர் அருமையான பொருள். சாதாரணக் குறுக்கு இணைப்பை 30 டிகிரி சாய்த்துச் சுழற்றினால், மறுபக்க வேகம் ஒரே சுற்றுக்குள் இரண்டு முறை 13 சதவீதம் குறைந்து 15 சதவீதம் கூடும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் வண்டி உதறும். 1920-களில் ஆல்ஃபிரட் செப்பா என்ற பொறியாளர் குண்டுகளை வளைந்த வரிப்பள்ளங்களில் உட்காரவைத்து இதைத் தீர்த்தார். எவ்வளவு சாய்ந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தின் சரிபாதியில் நிற்கும், அதனால் இரு பக்க வேகமும் மாறாது. கிட்டத்தட்ட 45 டிகிரி வரை தாங்கும். சாய்வு கூடினால் குண்டுகள் பள்ளத்தில் கூடுதலாக முன்னும் பின்னும் ஓடும். பள்ளம் தேய்ந்த வண்டி நேர்ச் சாலையில் சத்தம் காட்டாமல் முனை திரும்பும்போது மட்டும் 'டக் டக் டக்' என்பது அதனால்தான்.

எனக்கு அந்த டக் டக் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

முன்பக்கத்தைத் தூக்கி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோன பிறகு, மெக்கானிக் அண்ணன் ஆக்சிலைக் கழற்றிப் பழைய செய்தித்தாள் மேல் வைத்தார். மேலே மூடியிருக்கும் ரப்பர் உறையில் ('பூட்டு' என்பார்கள், ஆங்கில boot) மடிப்பு ஓரமாக விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். கிரீஸ் அதன் வழியாக வெளியே தெறித்துப் போயிருந்தது. மிச்சம் இருந்ததை அவர் விரலால் வழித்து என் உள்ளங்கையில் தடவி, தேய்த்துப் பார்க்கச் சொன்னார். நெருநெருவென்றது. கடற்கரை மணல். குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு மூன்று துண்டாக உடைந்திருந்தது. ஐந்து குண்டுகள் தாளில் உருண்டன, ஆறாவது ஜாயின்டின் அடியில் சப்பையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"பூட்டு மட்டும் அன்னைக்கே மாத்தியிருந்தா சில நூறோட போயிருக்கும்" என்றவர், வலதுபக்க பூட்டையும் விரலால் விரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதிலும் நூலிழை மாதிரி ஒரு வெடிப்பு.