மனத்தின் நீர்மட்டம் பார்க்கும் ஒன்பது கேள்விகள்

மழைக்காலம் வந்துவிட்டால், நெல்லைச் சீமையில் காலை நாளிதழை விரித்ததும் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத் தேடாத விவசாயி இருக்கமாட்டார். 143 அடி அணையில் இன்று எத்தனை அடி என்று தெரிந்தால்தான், பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா, இன்னும் சில நாள் பொறுக்கலாமா என்று அவரால் முடிவெடுக்க முடியும். தண்ணீர் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதை அந்த எண் சொல்லாது. ஆனால் நேற்றைய எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரிந்துவிடும். மனநலத்தைத் தாமே பார்த்துக்கொள்ள உதவும் வினாத்தாள்களையும் இப்படிப்பட்ட அளவுகோலாகவே கொள்ள வேண்டும்.

அவற்றுள் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது பி.எச்.க்யூ-9. குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்த முடிவுகளை 2001-ல் வெளியிட்டார்கள். நாட்டமின்மை, சோகம், தூக்கக் கேடு, அசதி, பசி மாறுதல், தன்னைத் தாழ்வாக எண்ணுதல், கவனச் சிதறல், மந்தம் அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, உயிரை வெறுக்கும் எண்ணம் என்று மனச்சோர்வு நோய்க்கு மருத்துவம் வகுத்துள்ள ஒன்பது அறிகுறிகளே இதில் ஒன்பது கேள்விகளாகியிருக்கின்றன. இதன் நுட்பம் கேட்கும் விதத்தில் இருக்கிறது. எவ்வளவு துயரம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் பதில் மாறும். அதனால் கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். ஒருநாளும் இல்லையென்றால் 0, சில நாள்கள் என்றால் 1, பாதி நாள்களுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்த இரண்டு நாள் வருத்தமும், பதினான்கு நாளும் விடாமல் அழுத்தும் பாரமும் இந்த எண்ணிக்கையில் பிரிந்து தெரியும். கூட்டுத்தொகை 27 வரை போகலாம். 5, 10, 15, 20 ஆகியவை முறையே இலேசான, நடுத்தரமான, சற்றுக் கடுமையான, கடுமையான நிலைகளின் தொடக்கங்கள்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் என் சித்தி ஒருவருக்கு இந்தக் கேள்விகளை நான் வாசித்துக் காட்டினேன். மடியில் சொளவு (முறம்), கையில் கத்தரி. இலை வெட்டும் கை நிற்கவே இல்லை. "வேலை செய்வதில் நாட்டம் குறைந்திருக்கிறதா?" என்ற முதல் கேள்விக்கு, "நாட்டத்தப் பாத்தா அடுப்பு எரியுமாய்யா? சுத்துனாத்தான் காசு" என்றார். தாளில் 0 போட வேண்டிய பதில் அது. பேச்சோடு பேச்சாக, அம்மன் கோயில் கொடைக்குப் போனீர்களா என்று கேட்டேன். கத்தரி நின்றது. "இந்த வருசம் போகல. மனசே வரலய்யா." கேள்வி தேடிய விடை அங்கேதான் இருந்தது. மொழிபெயர்ப்பு சரியாக இருந்தாலும், கேட்பவரின் வாழ்க்கையில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பாராமல் போட்ட எண்ணை நான் நம்புவதில்லை. அசதி, தூக்கம், பசி பற்றிய கேள்விகளிலும் எச்சரிக்கை தேவை. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் அதே மதிப்பெண்களைக் கூட்டிவிடும்.

10-ஐ எட்டியவர் எல்லாருக்கும் மனச்சோர்வு நோய் என்று சொல்லிவிட முடியாது. முதல் ஆய்வில் இந்த எல்லைக்கோடு நோயுள்ள 100 பேரில் 88 பேரைப் பிடித்தது; நோயில்லாத 100 பேரில் 88 பேரைச் சரியாக விலக்கியது. ஓர் ஊரில் 1000 பேரில் 100 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரில் 88 பேர் 10-ஐ எட்டுவார்கள்; மீதி 900 பேரிலும் 108 பேர் எட்டுவார்கள். ஆக, கோட்டை எட்டிய 196 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இராது. யாரை மருத்துவர் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று சலித்துக் கொடுப்பதே இந்தத் தாளின் வேலை. நோய் இன்னதென்று சொல்வது மருத்துவரின் வேலை.

ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் இந்தக் கூட்டல் கணக்கு பொருந்தாது. உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்ற எண்ணம் சில நாள்கள் வந்திருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே யாரிடமாவது பேசிவிட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

சித்தியின் தாளை மறுபடி நிரப்பியது ஆறு வாரம் கழித்து. முதலில் 14, இடையில் மருத்துவரைப் பார்த்து, இரத்தசோகைக்கும் மருந்து எடுத்தபின் 8. ஐந்து மதிப்பெண் மாறினாலே அதைப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். தூக்கத்துக்கான கேள்வியில் மட்டும் அந்த 3 அப்படியே நிற்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டுமென்று, தேதியோடு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.