கச்சான் காற்றில் வானவில் கொடி: கிராமங்களிலிருந்து பிரைட் ஊர்வலத்துக்கு வருகிறவர்களுக்காக

திருகோணமலை நகரத்தில் வசிப்பவருக்குப் பிரைட் (பால், பாலினச் சிறுபான்மையினரின் பெருமித ஊர்வலம்) என்பது இரண்டு மூன்று மணித்தியால நிகழ்வு. புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ வருகிற திருநங்கைக்கு அது விடியற்காலையில் வீட்டில் சொல்லும் காரணத்தோடு தொடங்கி, இரவு அதே வீட்டுக்குள் திரும்பி நுழையும்போதுதான் முடிகிறது. ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள இரண்டு மணித்தியாலத்தைத்தான் திட்டமிடுகிறார்கள். ஆபத்து இருப்பதோ இரண்டு முனைகளிலும்.

முதலில் சட்டம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில், ஒருபால் உறவுச் செயல்களைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் 1883ஆம் ஆண்டுக் கோவையின் வழிவந்தவை. அவற்றை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்மானத்தால் மட்டும் பிரிவுகள் நீங்கிவிடவில்லை. ஆனால் அவை பேசுவது செயல்களைப் பற்றி. ஒருவர் தன்பால் ஈர்ப்புள்ளவராக இருப்பதோ, வானவில் கொடி பிடித்து நடப்பதோ அவற்றின்படி குற்றமல்ல. அமைதியாக ஒன்றுகூடும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் உள்ளது. அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் இதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். துண்டுப்பிரசுரமாகக் கொடுத்தால் அது வீட்டில் யார் கையிலாவது அகப்படும்.

ஊர்வலம் போவதென்றால், பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, தொடங்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி நிபந்தனை போடலாம், தடுக்கவும் செய்யலாம். அதனால் ஒரு கிழமைக்கு முன்பே, பாதை, நேரம், நோக்கம் எல்லாம் எழுதி இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் முத்திரை குத்தி வாங்கி வைத்திருங்கள். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் தொடங்கும் இடத்தை மாற்றினால், அது வேறொரு பொலிஸ் நிலையத்தின் எல்லைக்குள் போய்க் கையிலிருக்கும் கடிதம் பயனற்றுப் போகலாம். கடிதத்தில் கையொப்பமிடுபவர் ஏற்கனவே வெளிப்படையாக இயங்கும் நகரத்தவராக இருக்கட்டும். கிராமத்துப் பிள்ளையின் முகவரி அந்தக் கோப்புக்குள் போகத் தேவையில்லை.

திகதி குறிக்கும்போது நாட்காட்டியை விரித்து வைத்துப் பாருங்கள். பிரைட் மாதமான ஜூனில் பௌத்தர்களின் பொசன் போயா வரும். ஹஜ் பெருநாளும் சில ஆண்டுகளில் அதன் அருகே வரும். கோயில் திருவிழாக்களும் உண்டு. வெள்ளிக்கிழமை வைத்தால் கிண்ணியா, மூதூர் அங்கத்தவர்களுக்கு ஜும்ஆ இடைஞ்சல். மூவினமும் வாழும் ஊரில் ஒரு சின்ன வாய்த்தர்க்கம்கூட இனப்பிரச்சினையாகத் திரிக்கப்படும். ஆகவே பதாகை தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். வணக்கத்தலங்களின் வாசலைத் தொடாத பாதையாகவும் பார்க்க வேண்டும்.

நேரம் காலை 8.30இலிருந்து 10.30 வரை என்பதே எங்கள் தெரிவு. மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரையில் நடப்பது அழகுதான், ஆனால் அதன் பிறகு தூரத்து ஊர்களுக்குப் பஸ் அரிது. இருட்டில் பஸ் தரிப்பிடத்தில் தனியே நிற்பதுதான் நாளின் மிக மோசமான கட்டம். காலை நிகழ்வு, மண்டபத்துக்குள் மதியச் சாப்பாடு (எல்லாருக்கும் ஹலாலாகவே), 2 மணிக்குள் எல்லாரும் புறப்பாடு. அதிகாலைப் பஸ் கிடைக்காத ஊர்க்காரருக்கு முதல்நாளே தங்குமிடம் ஒழுங்குசெய்ய வேண்டும்.

ஜூனில் இங்கே அடிக்கும் கச்சான் காற்றை (வறண்ட தென்மேற்குக் காற்றை) மறந்து பதாகை செய்யக்கூடாது. பிளெக்ஸ் பதாகை பாய்மரம்போல் காற்றைப் பிடித்து, தூக்குகிறவரையே இழுத்துக்கொண்டு போகும். துணிதான் நல்லது. ஊரில் இருந்து நகரத்துக்கு வரவே முடியாத அங்கத்தவர்கள் அதைத் தைத்து அனுப்பலாம். அவர்களும் விழாவில் பங்கெடுத்தவர்களே. கணக்கு எளிது: 112 சென்ரிமீற்றர் அகலப் பொப்ளின் துணியில் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா ஆகிய ஆறு நிறத்திலும் ஒன்றரை மீற்றர் வாங்குங்கள். ஒவ்வொன்றையும் நீளவாட்டில் 17 சென்ரிமீற்றர் அகலப் பட்டிகளாக வெட்டினால் ஆறு பட்டி வரும். மேலும் கீழும் ஒரு சென்ரிமீற்றர் தையலுக்குப் போனால், 90 சென்ரிமீற்றர் உயரத்தில் ஆறு கொடிகள். ஆறு நிறத்தையும் ஒரே கடையில் வாங்காமல் இரண்டு மூன்று கடைகளில் பிரித்து வாங்கினால் கேள்வி வராது.

பதாகையில் ஊர்ப் பெயர் எழுதவே வேண்டாம். ஐந்து பேர் மட்டும் உள்ள குழு தன் கிராமத்தின் பெயரைத் தூக்கிப் பிடித்தால், அந்த ஐவரும் யார் யாரென்று ஊர் அன்றிரவே கண்டுபிடித்துவிடும். மாவட்டப் பெயர் போதும்.

படம் எடுப்பதில்தான் அதிகம் பிசகுகிறது. படம் வேண்டாதவர் சிவப்பு ரிபன் கட்டுவது என்ற முறை கூட்டத்தில் வேலை செய்வதில்லை. பக்கவாட்டிலிருந்து ரிபன் தெரியாது, வீதியில் நின்று படம் பிடிப்பவருக்கு அதன் பொருளும் தெரியாது. ஓரிடத்தில், 15 நிமிடம் மட்டும், ஒரே ஒருவர் படம் எடுப்பதென வைத்து, விருப்பமில்லாதவரைக் கமெராவுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பேஸ்புக் நேரலை கூடவே கூடாது. நடக்கும்போது படம் வேண்டாதவர்கள் நடு வரிசையில், குடையும் முகக்கவசமுமாக. அதுவும் போதாது. முகம் மறைந்திருந்தாலும், "அது எங்கட மச்சான்ர சேட்டெல்லோ?" என்று உடுப்பை வைத்தே அடையாளம் பிடிப்பார்கள். எல்லாருக்கும் ஒரே நிற ரீசேட் கொடுத்து, நிகழ்வு முடிந்ததும் மண்டபத்திலேயே திருப்பி வாங்குவது நல்லது.

தண்ணீர் பற்றி ஒன்று. திருநங்கைகளும் திருநம்பிகளும் வெளியில் தண்ணீர் குடிக்கத் தயங்குவது தாகமில்லாமல் அல்ல, கழிப்பறைக்குப் போகப் பயந்து. ஆண் ஹோர்மோனைக் கட்டுப்படுத்தத் திருநங்கைகள் சிலர் எடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் குளிசையை எடுப்பவருக்குச் சிறுநீர் அதிகம் போகும், இரத்த அழுத்தமும் இறங்கும். கச்சான் வெயிலில் அவர்தான் முதலில் மயங்குவார். ஆண், பெண் என்று எழுதாத, உள்ளே தாழ்ப்பாள் உள்ள இரண்டு கழிப்பறைகளை மண்டபத்தில் உறுதிசெய்துவிட்டுத்தான் தண்ணீர்ப் போத்தல் கொடுப்பதில் பயன் உண்டு. நீரிழப்புக்குக் குடிக்கும் ஜீவனிப் பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், அரைப் போத்தலில் அல்ல. திருநம்பிகள், மார்பைத் தட்டையாகக் காட்டும் மார்புக் கட்டை வீட்டிலிருந்தே அணிந்து வராமல் மண்டபத்தில் அணியட்டும், மொத்தம் 8 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். கிரேப் பண்டேஜ் சுற்றுவது ஆபத்து: மூச்சு விட விட அது இறுகி விலாவை நெரிக்கும்.

வரவுப் பதிவேட்டில் பெயர், அடையாள அட்டை எண், கையொப்பம் கேட்பது நிதி கொடுப்போரின் வழக்கம். அந்த ஒரு தாள் தொலைந்தால் முப்பது குடும்பங்களுக்குச் செய்தி போகும். குறியீட்டு எண் போதும், பஸ் ரிக்கற்றைக் கணக்குக்கு ஒட்டலாம் என்று முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். போக்குவரத்துப் பணத்தை முதல்நாளே கொடுங்கள். கையில் காசில்லாதவர் கடன் கேட்கும்போது எங்கே போகிறாய் என்ற கேள்வி வந்துவிடும். 18 வயது நிறையாதவரைச் சேர்க்க வேண்டாம். வாசலில் அடையாள அட்டையைப் பார்த்தால் போதும், பிரதி எடுக்காதீர்கள், அதிலுள்ள பெயரைச் சத்தமாக வாசிக்காதீர்கள்.

திரும்பும் நேரம். உடுப்பு மாற்றும் அறையில் கண்ணாடி, தேங்காயெண்ணெய், பஞ்சு, ஈரத்துவாய் எல்லாம் வைத்திருப்பார்கள். நகப்பூச்சு நீக்கியை மறந்துவிடுவார்கள். முகமெல்லாம் கழுவி, சேட்டும் சாரமுமாகப் பஸ் ஏறிய பிறகு, கம்பியைப் பிடித்த கையில் சின்னவிரல் நகத்தின் ஓரம் சிவப்பு மின்னும். காதுமடலின் பின்புறத்திலும் கழுத்திலும் மினுக்கத் தூள் ஒட்டியிருக்கும். ஒருவரை ஒருவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் துடைத்து விடுங்கள். மருதாணி இரண்டு கிழமை நிற்கும், அன்றைக்கு வேண்டாம். நிகழ்வில் கட்டிய கைப்பட்டியை வெட்டிவிடுங்கள். வட்ஸ்அப் குழுவுக்குச் சாதாரணப் பெயர் வைத்து, திரையில் செய்தி தோன்றுவதை நிறுத்திவிடுங்கள், வீட்டில் போன் பலர் கைக்குப் போகும். ஒரே ஊர்க்காரர் பத்துப் பேரும் ஒரே பஸ்ஸில் ஏறாமல் இருவர் மூவராகப் போகட்டும்.

வீடு சேர்ந்ததும் முன்பே பேசி வைத்த ஒரு சாதாரணச் சொல்லை அனுப்ப வேண்டும்: "மழை இல்லை" என்பது போல. இரவு 8 மணிக்குள் வராவிட்டால் அழைப்பது யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஒரு படம் ஊருக்குள் சுற்றி வர இரண்டு மூன்று நாளாகலாம், ஆகவே மூன்றாம் நாளும் அழையுங்கள். வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் தங்க ஓர் இடம் அதற்குள் தயாராக இருக்கட்டும். மனம் உடைந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. பொலிஸார் அத்துமீறினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கு அழைக்கலாம், திருகோணமலையில் பிராந்திய அலுவலகமும் உண்டு. அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் தரும் காலம் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் அதில் கணக்கிடப்படமாட்டா. முறைப்பாட்டின் பிரதியைத் திகதி முத்திரையோடு வாங்கி, வீட்டில் அல்லாமல் நகரத்திலுள்ள நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள்.