"நுண்ணலை பாதுகாப்பானது": ஒரு பிழைச்சொல்லும் அதற்குரிய தமிழும்

போன மாதம் ஒரு மத்தியானம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் மாமி தொலைபேசி எடுத்தார். "தம்பி, இந்தச் சாப்பாட்டுப் பெட்டியில 'நுண்ணலை பாதுகாப்பானது' எண்டு போட்டிருக்கு. மைக்ரோவேவ் பாதுகாப்பான சாமான் எண்டு எனக்குத் தெரியும்தானே. நான் கேக்கிறது, பெட்டியோட உள்ளுக்கு வைக்கலாமோ?" நான் அப்போது மினிபஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஹோர்ன் சத்தத்தில் கேள்வி பாதிதான் கேட்டது. "பிறகு எடுக்கிறன் மாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பின்னேரம் போனபோது குசினியில் கருகல் மணம். மாமி பெட்டியை நம்பாமல் சோற்றைப் பீங்கான் கோப்பைக்கு மாற்றி வைத்திருக்கிறார். பீங்கான் என்றால் பயமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் எடுத்தது விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த, விளிம்பில் தங்கக் கரை ஓடிய கோப்பை. சில செக்கனிலேயே படபடவென்று பொறி பறந்திருக்கிறது. நான் பார்க்கும்போது கரை மூன்று இடத்தில் கறுத்து, ஓரிடத்தில் தங்கம் உரிந்து வெள்ளை தெரிந்தது. சாப்பாடு வந்த பெட்டியோ மேசையில் சும்மா கிடந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தேன். முக்கோணத்துக்குள் 5, அதன் கீழே 'பீபீ' என்ற இரண்டு எழுத்து. பொலிபுரொப்பிலீன். தாராளமாக உள்ளே வைத்திருக்கலாம்.

மாமி தமிழ் தெரியாதவர் அல்லர். நாற்பது வருடம் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தவர். "நுண்ணலை பாதுகாப்பானது" என்பதை அவர் வாசித்த விதம்தான் சரியான வாசிப்பு. நுண்ணலை எழுவாய், பாதுகாப்பானது பயனிலை. நிலம் பெரியது, கிணறு ஆழமானது, நுண்ணலை பாதுகாப்பானது. பெட்டியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பிழை எழுதியவரிடம்.

இந்தத் தொடரை நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில், இறக்குமதியான கிண்ணத்தின் ஒட்டுத்தாளில், இப்போது குளிர்ப்பெட்டியில் அடுக்கி விற்கிற தயார் சாப்பாட்டில். சிலர் ஒரு 'ப்' சேர்த்து "நுண்ணலைப் பாதுகாப்பானது" என்று திருத்துகிறார்கள். அது இன்னும் மோசம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் மூலத்தை விரைவாகப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'மைக்ரோவேவ் சேஃப்'. மைக்ரோ என்பது 'சிறிய' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வேவ் என்றால் அலை. நுண் + அலை = நுண்ணலை. இந்த ஆக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுப்பில் பாவிக்கிற அலையின் நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாணிலும் குறைவு. அதைப் போய் நுண்ணியது என்பதா என்று சிலர் கேட்பார்கள். மீற்றர் கணக்கில் நீளும் வானொலி அலைகளுக்குப் பக்கத்தில் அது நுண்ணியதுதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராடார் வேலையிலிருந்து பிறந்த அடுப்பு இது. அமெரிக்காவில் ரேதியன் நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் 1945இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1947இல் விற்பனைக்கு வந்தது. சிலர் எழுதுகிற "நுண்கதிர் அடுப்பு" வேண்டாம். கதிர் என்றவுடன் எங்கள் ஆட்கள் எக்ஸ்றே அறையையும் புற்றுநோயையும் நினைப்பார்கள்.

சேஃப் என்பது லத்தீனில் 'சல்வுஸ்', பழுதுபடாத, முழுமையான என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தனியே நிற்கும்போது அது பாதுகாப்பு. ஆனால் ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் ஒட்டி நிற்கும்போது ஆங்கிலத்தில் அதன் வேலை வேறு: 'இதற்குள் இதை வைத்தால் கேடு வராது'. மொழிபெயர்த்தவர் தனிச்சொல்லுக்கு அகராதியில் கிடைத்ததை எடுத்து ஒட்டுச்சொல்லின் இடத்தில் வைத்துவிட்டார்.

இனி அந்த 'ப்' விவகாரம். தமிழில் ஒரு பெயருக்குப் பின்னால் பாதுகாப்பு வந்தால் பெரும்பாலும் இரண்டு பொருள்தான். ஒன்று, அதைப் பாதுகாப்பது: கண் பாதுகாப்பு, வனப் பாதுகாப்பு, சிறுவர் பாதுகாப்பு. மற்றது, அதனிடமிருந்து பாதுகாப்பது: தீப் பாதுகாப்பு, வெள்ளப் பாதுகாப்பு. 'காப்பு' என்ற சொல்லே அப்படிப்பட்டது. கையில் கட்டும் காப்பு, நூலின் முதலில் பாடும் காப்பு, நாங்கள் மாதாமாதம் பணம் கட்டும் காப்புறுதி எல்லாமே கேட்டை வெளியே நிறுத்துபவை. நீர்காப்பு என்றால் நீரை விடாதது. எங்கள் விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் வெப்பத்தை விடாத பொருளுக்கு வெப்பக் காவலி என்று பெயர். காக்கிறது என்றால் தடுக்கிறது.

அப்படியானால் நுண்ணலைப் பாதுகாப்பான பொருள் எது? நுண்ணலையைத் தடுக்கிற பொருள். அது உலோகம். மைக்ரோவேவின் உட்சுவர் உலோகத் தகடு. கதவின் கண்ணாடிக்குப் பின்னால் சிறு துளைகள் நிறைந்த உலோக வலை இருக்கிறது. 12 சென்ரிமீற்றர் அலை அந்தத் துளையால் வெளியே வராது, நாங்கள் முன்னால் நின்று எட்டிப் பார்க்கலாம். அதுதான் உண்மையான நுண்ணலைப் பாதுகாப்பு. ஆக, அந்தத் தொடரைத் தமிழாக வாசிக்கிற ஒருவர், விளங்கி வாசித்தால், அலுமினியப் பெட்டிக்கும் தங்கக் கரைக்கும்தான் போய்ச் சேருவார். எதை உள்ளே வைக்கக் கூடாதோ அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்துகிறது. ஒரு எச்சரிக்கைச் சொல் இதைவிட மோசமாகப் பிழைக்க முடியாது.

அடுத்த போட்டியாளர் "நுண்ணலை தாங்கும்". இதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசித்தவர்கள், மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பெட்டி நுண்ணலையைத் தாங்குகிறதா? இல்லை. அலை பொலிபுரொப்பிலீனுக்குள்ளால் போய்விடுகிறது, அதற்கு ஒன்றும் செய்வதில்லை. சோற்றிலும் கறியிலும் உள்ள தண்ணீர்தான் அலையை வாங்கிச் சூடாகிறது. பெட்டி தாங்க வேண்டியது அந்தச் சாப்பாட்டின் சூட்டை. தண்ணீர்ப் பதம் உள்ள இடத்தில் 100 பாகை, எண்ணெய் தேங்கி நிற்கிற இடத்தில் அதைவிடக் கூட. பொலிபுரொப்பிலீன் உருக 160 பாகை அளவு வேண்டும், அதனால் அது நிற்கும். முன்பு கடைகளில் சோறு கட்டித் தந்த ரெஜிபோம் (பொலிஸ்ரைரீன் நுரை) பெட்டி 100 பாகைக்கு அண்மையிலேயே இளகிவிடும். சோறு சுற்றும் லஞ்ச் சீற்றோடும் மெல்லிய பொலித்தீனோடும் சேர்த்து 2017 செப்டெம்பரில் இலங்கையில் அது தடைசெய்யப்பட்டது, ஆனாலும் வீடுகளில் பழையது கிடக்கிறது. ஆகவே தாங்கும் என்று எழுத விரும்புகிறவர்கள் 'சூடு தாங்கும்' என்று எழுதட்டும், அது உண்மை. ஆனால் சூடு தாங்கும் எல்லாப் பாத்திரமும் மைக்ரோவேவுக்கு ஆகும் என்றில்லை. எவர்சில்வர் சட்டி எவ்வளவு சூட்டைத் தாங்கும்! அமெரிக்காவில் ஸ்வான்சன் நிறுவனம் 1950களில் விற்கத் தொடங்கிய உறைந்த சாப்பாட்டின் தட்டும் அலுமினியம்தான். அது சாதாரண அடுப்பின் சூட்டை அழகாகத் தாங்கியது. மைக்ரோவேவ் வீட்டுக்கு வீடு வந்த பிறகு 1986இல் அந்தத் தட்டைப் பிளாஸ்ரிக்குக்கு மாற்றினார்கள்.

அப்ப என்ன சொல்? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மண்சட்டி வாங்குகிற அம்மாமார் எப்படிக் கேட்கிறார்கள் என்று நின்று பாருங்கள். "இது அடுப்பில வைக்கலாமோ, தயிருக்குத்தானோ?" சட்டிக்காரர் "வைக்கலாம்" என்பார், அல்லது "வைக்கேலாது" என்பார். மாமியும் என்னிடம் கேட்டது இதே வினையைத்தான். பெட்டியின் மேல் எழுத வேண்டியதும் அதுதான்: மைக்ரோவேவில் வைக்கலாம். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. பெயர்ச்சொல்லாக்கி இறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பாடநூலிலோ தரக்கட்டுப்பாட்டு அறிக்கையிலோ பெயருக்கு முன்னால் வரும் அடை வேண்டுமென்றால் 'உகந்த'. நுண்ணலைக்கு உகந்த பொதி. இது புதுச்சொல்லும் அல்ல. 'மனித பாவனைக்கு உகந்தது' என்பது எங்கள் நாட்டில் எல்லாருக்கும் பழகிய தொடர். 'நுண்ணலைக்கு ஏற்ற' என்றாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

லேபிளில் நுண்ணலை என்று போடாமல் மைக்ரோவேவ் என்று போடச் சொல்கிறாயே, தமிழ்ப்பற்று இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. பாடத்தில் நுண்ணலை, பெட்டியில் மைக்ரோவேவ். மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியரின் வேலையை நாங்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். அவர் வழியில் 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. வேண்டிய இடத்தில் பிறமொழிப் பெயரைத் தமிழ் நாக்குக்கு வளைத்துக்கொண்டு, விளக்கத்தைத் தமிழில் தந்தார்கள். இப்போது நடப்பது தலைகீழ். ஒவ்வொரு சொல்லும் தமிழாக இருக்கிறது, வசனம் தமிழாக இல்லை.

பொதி என்ற சொல்லுக்கும் இரண்டு வரி. பக்கேஜிங் என்பதற்குத் தமிழ்நாட்டில் சிலர் சிப்பம் என்கிறார்கள். அது மூட்டைக்கும் கட்டுக்கும் சரி, எங்கள் காதுக்குப் பழக்கமில்லை. பொதி எங்களிடம் உயிரோடு இருக்கிறது. உலர் உணவுப் பொதி, அஞ்சல் பொதி, விமான நிலையத்தில் பயணப் பொதி, பாடப்புத்தகத்தில் பொதியிடல். பொதிதல் என்றால் மூடுதல், உள்ளே நிறைந்திருத்தல். கருத்துப் பொதிந்த பேச்சு என்கிறோம். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசித்துக் களைத்த அப்பருக்கு இறைவன் கொடுத்தது பொதிசோறு என்கிறது பெரியபுராணம். தயார் சாப்பாட்டுப் பெட்டிக்கு இதைவிடப் பழைய சொந்தம் வேண்டுமா? பனங்கட்டிக் குட்டானைப் பாருங்கள். ஓலையில் இழைத்த பொதியும் உள்ளே இருக்கும் பனங்கட்டியும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. சாப்பாட்டைப் பொதிவது எங்களுக்குப் புதிய கலை இல்லை. சொல்லுக்குத் தவிக்க வேண்டிய இனமும் இல்லை நாங்கள்.

மாமியின் பெட்டியில் இன்னும் இரண்டு வசனம் இருந்தது. "திரைப்படத்தைத் துளையிடவும்." "காற்றோட்டம் அவசியம்." மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஆங்கிலத்தில் ஃபில்ம். அது திரைப்படமாகிவிட்டது. படலம் என்ற சொல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், 'மேல்தாள்' என்றால் எல்லாருக்கும் தெரியும். காற்றோட்டம் என்பது அறைக்கு யன்னல் வைப்பது. இங்கே போக வேண்டியது காற்றல்ல, ஆவி. மேல்தாளில் நாலு துளை குத்தாவிட்டால் ஆவி அடைபட்டு, தாள் உப்பி வெடித்து, சாப்பாடு தெறிக்கும். எடுத்துத் திறக்கிறவரின் கையையும் சுடும். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் ஆவி எப்படி ஓலை இடுக்கால் ஏறிப் போகிறதோ அந்த வேலைதான் இந்தத் துளைகளுக்கும். "ஆவி போக மேல்தாளில் துளை குத்துங்கள்" என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் விளங்காத வீடு உண்டா?

நானும் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன்தான். எப்படி வேலை வரும் என்று எனக்குத் தெரியும். ஐம்பது வரி, ஒவ்வொன்றும் தனிக் கட்டத்தில், படம் இல்லை, பொருள் என்னவென்று தெரியாது, நாளைக் காலை வேண்டும். அப்படிப்பட்ட வேலையில் நானும் பிழை விட்டிருக்கிறேன். ஆனால் ஃபில்ம் என்று வந்தால் இது சாப்பாட்டுப் பெட்டியா சினிமாவா என்று ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு படம் அனுப்பச் சொல்லலாம். முடித்த பிறகு குசினியில் நிற்கிற ஒருவருக்கு வாசித்துக் காட்டலாம். கொடுக்கிற நிறுவனங்களும் பெட்டியில் தமிழ் இருந்தால் கடமை முடிந்தது என்று நினைக்கின்றன. ஆங்கிலத்தில் இப்படியொரு வசனம் வந்திருந்தால் அந்தத் தொகுதியையே திருப்பி எடுத்திருப்பார்கள். தமிழில் மட்டும் யாரும் வாசிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. மாமி வாசித்தார். அதனால்தான் கோப்பை கருகியது.

அந்தப் பின்னேரம் மாமி கழுவி அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை எடுத்து அடியில் பார்த்து, ஒவ்வொரு மூடியிலும் மார்க்கரால் 'வைக்கலாம்', 'வைக்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அவர் பேரன் அனுப்பிய பொப்கோர்ன் பக்கற் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று தெரிந்தது. "இது அலுமினியம்தானே தம்பி, இதை எப்பிடி வைக்கிறது?" அது கண்ணுக்குத் தடிப்பே தெரியாத அளவு மெல்லியதாகப் படியவைத்த அலுமினியம். அலையைத் திருப்பி அனுப்பாமல் தானே வாங்கி 200 பாகைக்கு மேல் சூடேறும், அந்தச் சூட்டில் சோளம் பொரியும். ஆங்கிலத்தில் சசெப்டர் என்பார்கள். நல்ல தமிழ்ச்சொல் நான் இதுவரை கண்டதில்லை. வைக்கலாம் மாமி, இந்தப் பக்கம் கீழே வரவேணும், தோசைக்கல்லு மாதிரி இது என்று சொன்னேன்.

மாமி பக்கற்றைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது சுடுதாள்" என்றார். தானும் சுடும், தோசை சுடுவதுபோல மற்றதையும் சுடும். சுடுதாள். என் குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.