செப்டிக் டேங்க்: அழுகுவதற்கென்று ஒரு தொட்டி

முள் குத்திய இடத்தில் சீழ் வைத்தால் ‘புண் செப்டிக் ஆயிடுச்சு’ என்கிறோம். கொல்லையில் மண்ணுக்குள் கட்டி மூடியிருப்பதையும் செப்டிக் டேங்க் என்கிறோம். இரண்டும் ஒரே செப்டிக்தான். கிரேக்க மொழியில் ‘செப்டிகோஸ்’ என்றால் அழுக வைப்பது. புண்ணில் அழுகல் ஆகாது, தொட்டியில் அழுகல்தான் வேலையே.

பிரான்சில் வெசூல் என்ற ஊரில் மூரா என்பவர் 1860களில் இப்படி ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், எதிர்பார்த்த அளவுக்குக் கசடு சேரவே இல்லை. 1881இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் செப்டிக் டேங்க் என்ற பெயர் பரவியது 1890களின் நடுவில், இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் கட்டிய தொட்டியால். அதில் கிளம்பிய வாயுவை அங்கே விளக்கெரிக்கவும் பயன்படுத்தினார்கள்.

தொட்டிக்குள் கழிவுநீர் ஒன்றிரண்டு நாள் அலுங்காமல் நிற்க வேண்டும். கனமானது அடியில் மண்டியாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஆடை கட்டும். காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் மண்டியைச் சிதைத்துக் குறைக்கும். நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறும். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதில் கிருமி உண்டு. அதனால் அது பக்கத்து உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணுக்குள் இறங்க வேண்டும், தெரு வாய்க்காலுக்குப் போகக் கூடாது. கழிப்பறையில் பினாயிலைத் தாராளமாக ஊற்றுகிறோமே, அது அழுக வைக்கும் உயிர்களையே கொல்லும். செப்டிக்கில் ஆன்டிசெப்டிக்கை ஊற்றினால் என்ன ஆகும் என்று பேரே சொல்கிறதே!

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அங்கணத்துள் உக்க அமிழ்து’ என்கிறது குறள். அங்கணம், தூம்பு, சாக்கடை என்று கழிவுநீர் விழுகிற, ஓடுகிற இடங்களுக்கெல்லாம் நம்மிடம் சொல் இருக்கிறது. நிறுத்தி வைத்து அழுக விடும் தொட்டி நமக்குப் புதுசு. ‘நச்சுத்தொட்டி’ என்பது எனக்கு ஒப்பவில்லை. உள்ளே எழும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் நஞ்சு என்பது உண்மை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் சாவுகள் நின்றபாடில்லை. ஆனாலும் செப்டிக் என்ற சொல்லுக்கு நஞ்சு பொருளல்ல. ‘கழிவுநீர்த் தொட்டி’ எதற்கும் பொருந்தும் பொதுப்பெயர். என் ஓட்டு ‘அழுகுதொட்டி’க்கு. ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவில் ஒற்று வராது. அழுகிய, அழுகுகின்ற, அழுகும் என்று முக்காலமும் அதற்குள் உண்டு. தொட்டிக்குள்ளும் அப்படித்தான்.

‘மலக்குழி’ என்கிறார்களே என்றால், குழி வேறு, தொட்டி வேறு. கிராமங்களில் இந்தக் குழப்பம்தான் பெரிய தொல்லை. ‘எங்க டேங்கு பதினஞ்சு வருஷமா நிரம்பவே இல்ல’ என்று பெருமையாகச் சொல்வார்கள். தளம் போட்ட தொட்டி என்றால் வெளியேறும் குழாய் மட்டம் வரை எப்போதும் நீர் நிற்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை லாரி வந்து மண்டியை உறிஞ்சியாக வேண்டும். நிரம்பவே இல்லை என்றால் அது பெரும்பாலும் அடித்தளமே இல்லாமல் சிமெண்டு உறை இறக்கிய குழியாக இருக்கும். உள்ளே போனதெல்லாம் மண்ணுக்குள், அப்புறம் பக்கத்து அடிபம்புக்கு. இரட்டைக்குழி கழிப்பறையாவது குழி என்று சொல்லித்தான் தோண்டுகிறார்கள். ஒன்று நிரம்பினால் மற்றதுக்கு மாற்றிவிட்டு, முதல் குழியை ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைத்தால் எருவாகிவிடும்.

கொத்தனாரிடம் போய் அழுகுதொட்டி என்றால் முழிப்பார். டேங்க் என்றே சொல்லுங்கள். அடியில் தளம் உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.