வேஸ்ட்கேட்: கழிவுக் கதவா, கலிங்கா?

"வேஸ்ட்கேட் திறந்தபடியே ஒட்டிக்கிச்சுங்க, அதான் பூஸ்ட் ஏற மாட்டேங்குது." பல்லடத்தில் என் டீசல் காரை அலசிப் பார்த்த மெக்கானிக் சொன்னது இது. எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போவில் இருக்கும் இந்த வேஸ்ட்கேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் 'கழிவுக் கதவு' என்றுதான் கை போகும். அது பொருந்தாது.

முதலில் டர்போ. லத்தீனில் அதற்குச் சுழல், பம்பரம் என்று பொருள். அதிலிருந்து 'டர்பைன்' என்ற சொல்லை 1822-ல் பிரெஞ்சுப் பொறியாளர் குளோத் புர்தான் ஆக்கினார். தமிழில் 'சுழலி' நன்றாகவே நிலைத்துவிட்டது. எஞ்சின் விடும் புகையே சுழலியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். சுழற்சி நிமிடத்துக்கு ஒரு லட்சத்தையும் தாண்டும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இப்படி ஏறுவதுதான் பூஸ்ட், 'ஊக்கழுத்தம்' எனலாம்.

காற்று கூடினால் டீசலும் கூடுதலாக எரியும், புகை பெருகும், சுழலி இன்னும் வேகமெடுக்கும். கட்டுப்படுத்தாவிட்டால் டர்போவும் தாங்காது, எஞ்சினும் தாங்காது. அதனால் புகை சுழலிக்குள் நுழையும் முன்பே ஒரு குறுக்குவழி வைத்து, அதற்கு ஒரு சிறு மூடி போட்டிருப்பார்கள். அதுதான் வேஸ்ட்கேட். பக்கத்தில் உள்ள டப்பாவுக்குள் ஸ்பிரிங்கும் ரப்பர் சவ்வும் இருக்கும். ஊக்கழுத்தம் ஸ்பிரிங்கை மிஞ்சியதும் சவ்வு கம்பியைத் தள்ளும். மூடி திறந்து, மிகுதிப் புகை சுழலியைத் தொடாமலே சைலன்சர் பக்கம் போய்விடும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் காருக்கு வருமுன் தண்ணீரோடு புழங்கியது. ஆலைக் குளங்களில் மிகுதி நீரை வெளியேற்றும் கதவுக்கு அதுதான் பெயர். அங்கே 'வேஸ்ட்' என்பது குப்பையல்ல, உபரி. நொய்யல் பக்கத்துக் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. வயலுக்கு நீர் விடுவது மடை. குளம் ரொம்பினால் கரை உடையாமல் உபரியை வெளியே விடுவது கலிங்கு. வெள்ளைக்காரப் பொறியாளர்களே 'கலிங்குலா' என்று இதைக் கடன் வாங்கினார்கள். 1886-ல் வந்த, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் நம்மிடம் எடுத்துக்கொண்ட சொல் இருக்க, நாம் ஏன் 'கழிவு' என்று எழுத வேண்டும்? 'கலிங்குக் கதவு' என்பதே என் தேர்வு.

ஆனால் எல்லா டீசல் காரிலும் கலிங்கு இராது. மாருதி டீசல் கார்கள் விற்ற காலத்தில் ஒரே 1,248 சிசி எஞ்சின் ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன் தந்தது, எர்டிகாவில் 90. முன்னதில் வேஸ்ட்கேட், பின்னதில் சுழலியைச் சுற்றி அசையும் தகடுகள். தோட்டத்தில் ஓஸ் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுமே, அந்த வேலையைத்தான் தகடுகள் செய்கின்றன. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் வேகம் இறங்கும்போதெல்லாம் தகடுகள் நெருங்கிப் புகையைச் சீறவிடும். வேகம் ஏறினால் விலகிக்கொள்ளும். எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதை அழுத்த சென்சாரைப் பார்த்துக் கணினி முடிவு செய்யும். இங்கே உபரியை வழியவிடும் வேலையே இல்லை, வாய்தான் குறுகி விரிகிறது. ஆகவே இதை 'மாறுவாய்ச் சுழலி' என்று தனியாகச் சொல்ல வேண்டும். இதன் டப்பாவையும் வேஸ்ட்கேட் என்று அழைப்பது தவறு.