அமல்: தீர்ப்புக்குப் பின்னால் வரும் சொல்

கிருஷ்ணகிரி கோர்ட்டு வாசல் டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால் இந்தப் புலம்பல் காதில் விழாமல் போகாது: "தீர்ப்பு நம்ம பக்கந்தாங்க, அமல் ஆகலையே!"

அரபியில் 'அமல்' என்றால் செய்கை, வேலை. பாரசீகமும் உருதும் அதை அரசு நிர்வாகச் சொல்லாக்கின. நம் பக்கம் மைசூர் ஆட்சியில் வரி வசூலைப் பார்த்தவருக்கு அமல்தார் என்றே பெயர். 1792இல் கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கைமாறியது. அமல்தார் போனார், அமல் தங்கிவிட்டது. 'அமுல்' என்றும் எழுதுகிறார்கள். வெண்ணெய்க்கும் இதற்கும் உறவில்லை. 'அமலன்' வடமொழி, அதுவும் வேறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நடைமுறைப்படுத்தல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. சட்டம் என்றால் நடைமுறைக்கு வருகிறது. தீர்ப்பு என்றால் நிறைவேற்றப்படுகிறது. சிவில் வழக்கில் ஜெயித்தவர் "இ.பி. போடணும்" என்கிறாரே, அது தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனுதான். அப்புறம் கோர்ட்டு ஊழியரான அமீனா ஜப்திக்கு வருவார். எதிராளி அரசாங்கமாகவும் வழக்கு பருவநிலை மாற்றமாகவும் இருந்தால் எந்த அமீனா போவார்?

நெதர்லாந்தைப் பாருங்கள். 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 25 விழுக்காடு பசுமை இல்ல வாயு உமிழ்வை 2020 முடிவுக்குள் குறை என்று அரசுக்கு 2015இல் தீர்ப்பு. அரசு உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு செய்து 2019 டிசம்பரில் தோற்றது. ஆனாலும் இதற்கிடையில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. 2020இல் கணக்கு இலக்கைத் தொட்டது. கொரோனா ஊரடங்கும் கைகொடுத்தது. இதைத் தயங்காமல் 'நிறைவேற்றம்' என்பேன், பாதிப் புண்ணியம் கொரோனாவுக்குப் போனாலும்.

ஜெர்மனியில் நடந்தது வேறு. 2030க்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று பருவநிலைச் சட்டத்தில் தெளிவில்லை என்றது அரசமைப்பு நீதிமன்றம், 2021இல். சில மாதங்களிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள்: 2030க்கான குறைப்பு 55லிருந்து 65 விழுக்காடு, நிகர பூஜ்ய இலக்கு, அதாவது வெளியிடுவதும் உறிஞ்சுவதும் சமமாகும் ஆண்டு, 2050லிருந்து 2045. தீர்ப்பு நிறைவேறியது, சட்டமும் நடைமுறைக்கு வந்தது. உமிழ்வு குறைவது அதற்கும் அடுத்த கட்டம். மூன்றையும் 'அமல்' என்ற ஒரே சாக்கில் கட்டினால் எது நடந்தது, எது பாக்கி என்றே தெரியாது.

சுவிட்சர்லாந்தில் மூத்த பெண்கள் தொடுத்த வழக்கில் 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அரசைக் குறை சொன்னது. ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றம், செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்கிறோம் என்று தீர்மானம் போட்டது. இதற்குத் தமிழில் 'தட்டிக்கழித்தல்' என்ற நல்ல சொல் இருக்கிறது.

நம் நாட்டில்? 2024இல், அழிந்துவரும் பறவையான கானமயில் பற்றிய வழக்கில், பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவதும் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இத்தனை விழுக்காடு குறை என்று அதில் கட்டளை இல்லை. அதனால் 'தீர்ப்பு அமலாகவில்லை' என்று இங்கே புலம்ப முடியாது. அந்த உரிமையை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு சட்டம் வேண்டும் என்று வேண்டுமானால் கேட்கலாம்.