மழைக்கோட்டுக்குள் உண்டாகும் மழை

லண்டனில் நவம்பர் மாதக் காலையொன்றில் சைக்கிளில் அலுவலகம் வந்து சேர்ந்தவர், தம் மழைக்கோட்டைக் கழற்றியதும் அதன் கையை உட்புறம் வெளியே தெரியுமாறு புரட்டிப் பார்க்க வேண்டும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் கடுகளவு நீர்த்துளிகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் இழுத்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வழியும். ஈஸ்ட்ஹாமிலிருந்து டவர் ஹில்லுக்குச் சைக்கிளில் போய்வரத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், இந்தத் துளிகளைக் கண்டு கோட்டு ஒழுகுகிறது என்றே நான் நம்பினேன். தையல் விட்டிருக்குமோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிறகு கூடுதல் விலையில் இன்னொன்று வாங்கினேன். மழையே பெய்யாத ஒரு காலையில் அந்தப் புதிய கோட்டின் கைக்குள்ளும் அதே துளிகள் இருந்தபோதுதான், அவை வானத்திலிருந்து வரவில்லை, என் உடம்பிலிருந்தே வந்தன என்பது புரிந்தது.

குளிரும் ஈரமுமான வானிலையில் சைக்கிள் ஓட்ட என்ன உடுத்துவது என்ற பேச்சு வந்தால், மழை உள்ளே வராமல் தடுப்பது எப்படி என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. உடம்பிலிருந்து கிளம்பும் நீர் வெளியே போக வழி இருக்கிறதா என்ற கேள்வியை அதற்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனிலோ 600 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் சென்னையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பது, லண்டனில் ஆண்டு முழுவதும் சிறுசிறு தவணையாக இறங்குகிறது. பெரும்பாலான காலைகளில் சைக்கிள்காரர் மேல் விழுவது அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள தூறல் துளிகள்தாம், அல்லது ஒன்றுமே இல்லை. வியர்வை மட்டும் எல்லா நாளும் வருகிறது.

அது எவ்வளவு வருகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஈஸ்ட்ஹாமிலிருந்து டவர் ஹில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியிலிருந்து டவர் கேட்வே வரை 2010இல் திறக்கப்பட்ட சைக்கிள் பாதையில், கேபிள் தெரு வழியாக, சிக்னல்களில் நின்று நின்று போனால் 40 நிமிடம் ஆகும். நிமிர்ந்து உட்கார்ந்தபடி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும் ஒருவர் பெடலுக்குக் கொடுக்கும் ஆற்றல் 80 முதல் 100 வாட். தசைகள் தாம் செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றுகின்றன, மீதமெல்லாம் வெப்பம். ஆகவே உடம்புக்குள் 300 வாட் அளவுக்கு வெப்பம் பிறந்துகொண்டே இருக்கிறது. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பிறப்பதைப்போல் இது மூன்று மடங்கு. பேருந்துக்காக நிற்பவருக்குப் பொருத்தமான தடித்த கோட்டு சைக்கிள்காரருக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே. வீட்டுப் படியில் நிற்கும்போது இதமாக இருக்கும் உடை, பத்தாவது நிமிடத்தில் அளவுக்கு மிஞ்சியதாகிவிடும். படியில் லேசாகக் குளிரும் உடையே சரியான உடை.

அந்த 300 வாட்டில் ஒரு பகுதியைக் குளிர்ந்த காற்று நேரடியாகவே எடுத்துச் சென்றுவிடும். எஞ்சியதில் 100 வாட்டை வியர்வை ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் வியர்வை தோலில் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 40 நிமிடத்தில் 100 வாட் என்பது 2,40,000 ஜூல். அப்படியானால் 100 கிராம் நீர், அதாவது அரை டம்ளர், சட்டைக்குள் ஆவியாகியிருக்கிறது.

இந்த ஆவியை ஈரமான லண்டன் காற்று ஏற்றுக்கொள்ளுமா? பலரும் ஏற்காது என்றே நினைக்கிறார்கள். ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு என்று வானிலை அறிக்கை சொல்கிறதே என்பார்கள். ஆனால் அந்த 90 விழுக்காடு 8 டிகிரி காற்றுக்கு உரியது. 8 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று நிறைவுறும் அளவுக்கு நீராவியை ஏற்றாலும் அதில் 8 கிராம் சொச்சமே கொள்ளும். 90 விழுக்காடு என்றால் 7 கிராம் சொச்சம். தோலை ஒட்டிய 33 டிகிரிக் காற்றோ 35 கிராம் வரை தாங்கும். இதே கணக்கைச் சென்னையின் 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள மாலைக்குப் போட்டால், வெளிக்காற்றிலேயே 22 கிராம் நீராவி இருக்கும். ஆக, தோலின் பார்வையில் சென்னைக் காற்றுதான் ஈரமானது. லண்டன் காற்று எவ்வளவு சொதசொதவென்று தோன்றினாலும் உண்மையில் உலர்ந்தது. வியர்வையை அள்ளிச் செல்ல அது தயாராகவே இருக்கிறது. உடம்புக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவில் நாம் எதை மாட்டிக்கொள்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் நீர் கோத்திருப்பதைப் பார்க்கிறோம். மழைக்கோட்டும் அப்படியொரு மூடிதான். உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்றில் நீராவி மிகுதி. கோட்டின் துணியோ வெளிக்காற்றுபட்டு ஏறத்தாழ 10 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கிறது. அதைத் தொட்ட நீராவி துளியாகிவிடுகிறது. கைகள் காற்றை நேருக்கு நேர் எதிர்கொள்வதால் அங்கேதான் துணி அதிகம் குளிர்கிறது, அங்கேதான் துளிகளும் அதிகம்.

நீர்புகாத் துணியின் இந்தக் குறை இன்று நேற்று வந்ததன்று. கிளாஸ்கோவில் சார்லஸ் மெக்கின்டாஷ், நாப்தா என்ற திரவத்தில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிச் செய்த துணிக்கு 1823இல் காப்புரிமை பெற்றார். அது மழையை முழுவதுமாகத் தடுத்தது, வியர்வையையும் முழுவதுமாகத் தடுத்தது. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர், டெஃப்லான் எனப் பரவலாக அறியப்படும் பொருளைச் சட்டென இழுத்து நீட்டினால் அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாகிறது என்று கண்டார். அந்தத் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, நீராவி நுழையும் அளவு பெரியவை. கோர்-டெக்ஸ் போன்ற துணிகள் இதன் அடிப்படையில் வந்தவை. நல்ல கண்டுபிடிப்புதான்; ஆனாலும் அதற்கு எல்லை உண்டு. துணியின் வெளிமுகத்தில் மழைநீர் உருண்டு ஓடும்வரைதான் படலம் ஒழுங்காக மூச்சுவிடும். அங்கே பூசப்பட்ட நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்து, வெளித்துணி நீரைக் குடித்துவிட்டால், படலத்தின் மேல் ஓர் ஈரப் போர்வை விழுந்ததாகிவிடும். துணியும் மேலும் குளிரும். அழுக்குப் போகத் துவைத்து மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு மீளும். துணி மென்மையாவதற்கென்று விற்கும் திரவங்களை மட்டும் இதில் ஊற்றக்கூடாது.

படலத்தைவிட நான் அதிகம் நம்புவது ஜிப்பை. ஒரு கனமீட்டர் வெளிக்காற்று 7 கிராம் நீராவியோடு கோட்டுக்குள் நுழைந்து, 20 கிராமோடு வெளியேறுவதாகக் கொண்டால், அது 13 கிராமை எடுத்துச் செல்கிறது. 100 கிராம் போக வேண்டுமானால் 40 நிமிடத்தில் 8 கனமீட்டர் காற்று, அதாவது நிமிடத்துக்கு 200 லிட்டர், உள்ளே வந்து போக வேண்டும். பெரிய அளவாகத் தோன்றும். ஆனால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் காற்றுக்கு இதற்குத் தேவையான வாசல் ஆறு சதுர சென்டிமீட்டர்தான். ஏறத்தாழ ஒரு இரண்டு பவுண்டு நாணயத்தின் அளவு. துணி மடிப்புகளும் முதுகுப்பையும் காற்றை மறிப்பதால் நடைமுறையில் இதைப்போல் பல மடங்கு திறக்க வேண்டியிருக்கும் என்றாலும், கழுத்து ஜிப்பை நான்கு விரற்கடை இறக்குவதும், அக்குளில் ஜிப் வைத்த கோட்டைத் தேர்ந்தெடுப்பதும், இறுக்கமான மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்துவதும் எவ்வளவு வேலை செய்யும் என்பது இதிலிருந்து விளங்கும். பிரிட்டிஷ் சைக்கிள்காரர்கள் நெடுங்காலம் அணிந்துவந்த, கைப்பிடிவரை கூடாரம்போல் விரிந்து அடிப்புறம் முழுக்கத் திறந்திருக்கும் கேப் (cape) என்ற மேலங்கி இதே அறிவில் உருவானது. சாக்கை மடித்துத் தலையிலிருந்து முதுகு மறையக் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு நாற்று நடும் நம் ஊர்க்காரர்களுக்கும் அந்த அறிவு உண்டு. பலத்த எதிர்க்காற்றில் கேப் பாய்மரமாகிவிடும் என்பது மட்டுமே அதன் குறை.

இனி, தோலை ஒட்டிக் கிடக்கும் துணி. பருத்தி இழையின் செல்லுலோஸ் நீரை விரும்பி ஏற்கும். இழைகளுக்கு நடுவிலும் நீர் நிறைந்துவிட்டால், அதுவரை அங்கே நின்றுகொண்டிருந்த காற்று வெளியேறிவிடும். நமக்குக் கதகதப்பைத் தருவது அசையாமல் நிற்கும் காற்றுதான். நீரோ காற்றைப்போல் 25 மடங்கு எளிதில் வெப்பத்தைக் கடத்தும். மிதித்துக்கொண்டிருக்கும்வரை இது தெரியாது. சிக்னலில் நின்றதும், அல்லது சைக்கிளைப் பூட்டிவிட்டு லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, உடம்பின் வெப்ப உற்பத்தி மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. நனைந்த பனியனிலிருந்து ஆவியாதல் மட்டும் நிற்பதில்லை. முதுகுத்தண்டில் ஓடும் அந்தச் சிலிர்ப்பு அப்போதுதான் வரும்.

பாலியஸ்டர் இதற்கு நேர்மாறானது. சாதாரண அறை ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நீரை வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட வைத்திருக்காது. விளையாட்டுப் பனியன்களில் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வழிகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், வியர்வையை இழுத்து வெளிமுகத்தில் பரப்புகின்றன. அங்கே அது விரைவில் உலர்கிறது. அலுவலகத்துக்குப் போகிறவருக்கு இதில் ஒரு தொல்லை உண்டு: அது நாற்றம். உடற்பயிற்சிக்குப் பிறகு பருத்திச் சட்டையைவிடப் பாலியஸ்டர் சட்டை மோசமாக நாறுவதையும், துர்நாற்றத்தோடு தொடர்புடைய மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக்கள் பாலியஸ்டரில் நன்றாகப் பெருகுவதையும், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கம்பளி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விந்தையான இழை. அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய கொழுப்புப் படலம் நீர்த்துளியை விலக்குகிறது. இழையின் உட்புறமோ நீராவியை ஆர்வத்தோடு உறிஞ்சுகிறது. தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரம் ஏறும்வரையிலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அதோடு, நீராவியை உள்வாங்கும்போது கம்பளி சிறிது வெப்பத்தை வெளிவிடுகிறது. உலர்ந்த அறையிலிருந்து ஈரக் குளிருக்குள் காலெடுத்து வைக்கும் முதல் நிமிடங்களில் அந்த வெப்பம் உடம்புக்குக் கிடைக்கிறது. கம்பளி குத்துமே என்று தயங்குபவர்களுக்கு: குத்துவது 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடிமனுள்ள இழைகளின் நுனிகள்தாம். மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி 20 மைக்ரானுக்கும் குறைவு என்பதால் தோலில் பட்டதும் வளைந்துகொடுத்துவிடும். மெல்லிய மெரினோ பனியன், அதன்மேல் காற்றை மறிக்கும் ஒரு சாதாரண விண்ட்சீட்டர்; தூறல் நாட்களில் பத்துக்கு எட்டு நாள் எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. கோட்டு பைக்குள் மடிந்து கிடக்கும்.

பருத்தியைக் குறைசொல்லிவிட்டு அதன் பெருமையொன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், குளிர்ந்த கடலில் விழும் விமானிகளுக்காக, மான்செஸ்டரின் ஷெர்லி நிறுவனத்தில் வெண்டைல் என்ற துணி உருவாக்கப்பட்டது. அது முழுக்கப் பருத்தி. மிக நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால், நீர் பட்டதும் நூல்கள் ஊதிப் பருத்து இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். உலர்ந்த நேரத்தில் மூச்சுவிடும், நனையும்போது மூடிக்கொள்ளும். பனியனில் நமக்குத் தொல்லையாக இருக்கும் அதே குணம் மேலுடையில் காவலாகிறது.

கைவிரல்களின் நிலை வேறு. 8 டிகிரிக் காற்றில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தோலுக்கு அது 5 டிகிரிபோல் உறைக்கும். தொடைகள் உழைத்துச் சூடாகின்றன. விரல்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சும்மா இருக்கின்றன, காற்றையும் முதலில் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே உடம்பில் ஓர் அடுக்கைக் குறைத்தாலும் காற்றுபுகாத கையுறையைக் குறைக்கக்கூடாது.

கால்சட்டையில் ஜீன்ஸைத் தவிர்ப்பது நல்லது. கனமான அந்தப் பருத்தித் துணி தொடையில் நனைந்தால் மதியம்வரை உலராது; கவட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கும் தடித்த தையல்கள் இருக்கையில் அழுத்தும். நைலானும், இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழை சிறிதும் கலந்த மெல்லிய கால்சட்டை நனைந்தாலும் காலையிலேயே உலர்ந்துவிடும். சாலையில் தேங்கிய நீரைச் சக்கரம் வாரியடித்து முதுகில் கோடு போடுவதைத் தடுப்பது எந்த உடையும் அன்று; முழு நீள மட்கார்டுதான்.

உங்கள் உடையை நீங்களே சோதிக்க வழி இருக்கிறது. சமையலறைத் தராசில் பனியனைப் புறப்படும் முன்பும், வந்து இறங்கியவுடனும் நிறுத்துப் பாருங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் வெளியேற வழி கிடைக்காமல் உள்ளே நின்றுவிட்ட நீர். மறுநாள் அதே பனியனோடு கழுத்து ஜிப்பை நான்கு விரற்கடை இறக்கி ஓட்டிவந்து மீண்டும் நிறுங்கள்.